பல்லாயிரம் வால்வுகளை நம்பி ராணுவக் கணினிகள் எப்படி ஓடின?

கேள்வி இதுதான்: பழைய வால்வு ரேடியோவில் ஐந்தாறு வால்வுகள்தான் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்கள்) இருக்கும். அதில் ஒன்று போனாலே பெட்டி ஊமையாகிவிடும். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான வால்வுகளை அடுக்கி வைத்த கணினிகளை இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பிறகும் ராணுவங்கள் எந்தத் தைரியத்தில் நம்பின? பழுது பார்ப்பதிலேயே பொழுது போயிருக்காதா?

நியாயமான சந்தேகம். 1940களின் தேர்ந்த பொறியாளர்களில் பெரும்பாலோர் இதையே சொல்லித்தான் அந்தத் திட்டங்களை எதிர்த்தார்கள். ஒரு வால்வின் சராசரி ஆயுள் 2,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ரேடியோவுக்கு அது தாராளம். ஆனால் 18,000 வால்வுகள் உள்ள இயந்திரத்தில் சராசரியாக ஏழு நிமிடத்துக்குள் ஒரு வால்வு போய்விடும். எந்த வால்வு என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்தது போயிருக்கும். காகிதத்தில் இந்தக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் அந்த இயந்திரங்கள் ஓடின. காரணம், வால்வு எப்போது, எதனால் போகிறது என்று சிலர் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்ததுதான். வால்வு கணினிகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. வேகத்தையும் எடையையும் பற்றிப் பேசுகிறவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

முதலில், வால்வு எதற்கு என்று பார்த்துவிடலாம். மாற்று இல்லாமலில்லை. தொலைபேசி நிலையங்களில் இருந்த ரிலேக்கள் என்ற மின்காந்த ஸ்விட்சுகளைக் கொண்டு கணக்கிடும் இயந்திரங்களைக் கட்ட முடியும். ஆனால் ரிலேயில் ஒரு உலோகத் தகடு உண்மையாகவே அசைந்து இன்னொன்றைத் தொட வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்காக ஓடிய ஹார்வர்ட் மார்க் 1 இப்படி அசையும் பாகங்களால் ஆனது. நொடிக்கு மூன்று கூட்டல் செய்தது, ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி எடுத்துக்கொண்டது. வால்வில் அசைவது எலக்ட்ரான்கள் மட்டும். அதே காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகக் கட்டிய எனியாக் என்ற வால்வு கணினி நொடிக்கு 5,000 கூட்டல் செய்தது. போர்க்காலத்தில் இந்த வித்தியாசத்துக்கு என்ன விலையும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

டாமி ஃபிளவர்ஸ் என்பவர் லண்டனின் டாலிஸ் ஹில்லில் இருந்த பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர். அங்கே தொலைபேசியும் அஞ்சல் துறையின் பொறுப்பில்தான் இருந்தது. 1930களிலேயே தொலைபேசி இணைப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் வால்வுகளைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார். அந்த அனுபவத்தில் அவர் கண்டுகொண்டது: வால்வுகளை அணைக்காமலே வைத்திருந்தால் அவை வருடக்கணக்கில் உழைக்கும். காரணம் எளிது. வீட்டில் குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் கணத்தில்தான் போகும், கவனித்திருப்பீர்கள். வால்வுக்குள் இருக்கும் இழைக்கும் அதே கதிதான். குளிர்ந்த இழைக்கு மின்தடை குறைவு, அதனால் முதல் கணத்தில் மின்னோட்டம் வெள்ளமாகப் பாய்கிறது. சூடேறும்போது உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இறுக்கம் ஏறி இறங்குகிறது. ரேடியோவைத் தினமும் போட்டு அணைக்கிறோம். தொலைபேசி நிலையத்தை யாரும் அணைப்பதில்லை. வால்வு நம்பத்தகாதது என்று சொன்னவர்கள் ரேடியோவைப் பார்த்துச் சொன்னார்கள். ஃபிளவர்ஸ் தொலைபேசி நிலையத்தைப் பார்த்தவர்.

இந்த அறிவுக்கு 1943இல் வேலை வந்தது. ஹிட்லரின் தலைமையகமும் படைத்தலைமைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள லோரன்ஸ் என்ற சங்கேத இயந்திரத்தைப் பயன்படுத்தின. (லோரன்ஸை உடைக்க ஃபிளவர்ஸ் கட்டிய இயந்திரம்தான் கொலோசஸ். அது எனிக்மா என்ற இன்னொரு ஜெர்மன் சங்கேத இயந்திரத்தை உடைத்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. எனிக்மாவுக்கு பாம்ப் என்ற வேறு வகை இயந்திரம் இருந்தது. அதில் சுழலும் உருளைகளும் ரிலேக்களும்தான்.) லோரன்ஸில் 12 சக்கரங்கள். பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்த யாரும் அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. 1941 ஆகஸ்டில் ஒரு ஜெர்மன் ஊழியர் நீளமான ஒரே செய்தியைச் சிறு மாற்றங்களோடு, அதே சக்கர அமைப்பில் இரண்டு முறை அனுப்பிவிட்டார். பிளெட்ச்லியின் ஜான் டில்ட்மன் அந்த இரண்டையும் ஒப்பிட்டு, செய்தியை மறைக்க இயந்திரம் சேர்த்த மறைகுறித் தொடரைப் பிரித்தெடுத்தார். அங்கேயே இருந்த பில் டட் அந்தத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டு முழு இயந்திரத்தின் அமைப்பையும் ஊகித்துச் சொன்னார். அந்த நூற்றாண்டின் ஆகப்பெரிய அறிவுச் செயல்களில் அது ஒன்று என்பது என் கருத்து.

அமைப்பு தெரிந்தால் போதாது. ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த இடத்தில் தொடங்கின என்று தெரிய வேண்டும். டட் சொன்ன வழி புள்ளியியல் வழி: 41 இடங்கள் கொண்ட ஒரு சக்கரத்தையும் 31 இடங்கள் கொண்ட இன்னொன்றையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள், அவற்றின் 1,271 சேர்க்கைகளில் ஒவ்வொன்றையும் செய்தியோடு ஓட்டி, குறிப்பிட்ட விளைவு எத்தனை முறை வருகிறது என்று எண்ணு, சரியான சேர்க்கையில் எண்ணிக்கை சற்றே தூக்கலாக இருக்கும். கையால் எண்ணினால் செய்தியின் பயன் போய்விடும். கணிதவியலாளர் மேக்ஸ் நியூமன் இதற்கு ஹீத் ராபின்சன் என்ற இயந்திரத்தைக் கட்டவைத்தார். அதில் செய்தி ஒரு காகித நாடாவிலும் சக்கர வரிசை இன்னொரு நாடாவிலும் துளையிடப்பட்டு ஒன்றாக ஓடின. இரண்டும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். வேகம் கூடினால் நாடா இழுபட்டது, கிழிந்தது, கணக்கு பிசகியது.

ஃபிளவர்ஸ் சொன்ன தீர்வு: இரண்டாவது நாடாவே வேண்டாம், சக்கர வரிசையை வால்வுச் சுற்றுகளே உண்டாக்கட்டும். மீதமிருக்கும் ஒரே நாடாவின் ஓரத்தில் உள்ள சிறு துளைகளிலிருந்தே தாளத்தை எடுத்துக்கொண்டால், நாடா நீண்டாலும் சுருங்கினாலும் இயந்திரமும் அதோடு சேர்ந்தே ஓடும். இதற்கு 1,500க்கு மேற்பட்ட வால்வுகள் தேவை. பிளெட்ச்லியில் பலர் நம்பவில்லை. கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்துவிடும் என்றார்கள். டாலிஸ் ஹில் இயக்குநர் ரேட்லியின் ஆதரவோடு ஃபிளவர்ஸ் தன் குழுவை வைத்து வேலையைத் தொடங்கினார். ஏறத்தாழ பதினோரு மாதத்தில் முதல் கொலோசஸ் தயார். 1944 ஜனவரியில் அது பிளெட்ச்லிக்குப் போனது, பிப்ரவரியில் உண்மையான செய்திகளில் வேலை தொடங்கியது. நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. சோதனையில் 9,700 வரை ஓட்டிப் பார்த்தார்கள். நாடா சிதறிப்போனதால்தான் 5,000 என்று நிறுத்தினார்கள். வால்வுகளுக்கு அந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை, காகிதம்தான் தாங்கவில்லை.

சுமார் 2,400 வால்வுகள் கொண்ட இரண்டாம் வகை 1944 ஜூன் 1 அன்று ஓடத் தொடங்கியது. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியதற்கு ஐந்து நாள் முன்பு. போர் முடியும்போது பத்து கொலோசஸ்கள் இருந்தன. அவற்றை இயக்கியவர்கள் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். இயந்திரங்கள் இரவு பகலாக எரிந்துகொண்டே இருந்தன, ஃபிளவர்ஸ் சொன்னபடியே.

கொலோசஸ் செய்தது எண்ணும் வேலை. ஆயிரக்கணக்கில் எண்ணும்போது எப்போதாவது ஒரு துடிப்பு தவறினால் தூக்கலாக இருக்கும் எண்ணிக்கை தூக்கலாகவேதான் இருக்கும். சந்தேகம் வந்தால் நாடாவை மறுபடி ஓட்டிவிடலாம். அந்தப் பணியே சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்புடையது. அமெரிக்காவில் எனியாக்குக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிடும்போது முந்தைய கணத்தின் விடையிலிருந்துதான் அடுத்த கணத்தின் விடை பிறக்கிறது. நடுவில் ஒரு இலக்கம் தவறினால் அதற்குப் பிந்தியது முழுக்கக் குப்பை.

அந்தப் பாதைக் கணக்குதான் எனியாக் பிறக்கக் காரணம். ஒவ்வொரு புதிய பீரங்கிக்கும் குண்டுக்கும், எந்தக் கோணத்தில் சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்ற அட்டவணை வேண்டும். அறுபது நொடி பறக்கும் ஒரு குண்டின் பாதையைக் கணக்கிட மேசைக் கணக்குப்பொறியோடு உட்கார்ந்த ஒருவருக்கு சுமார் 20 மணி நேரம் ஆகும். ஒரு அட்டவணைக்கு இப்படி ஆயிரக்கணக்கான பாதைகள். மேரிலாந்தின் அபர்தீனில் இருந்த ராணுவ ஆய்வகம் திணறியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் மின்பொறியியல் பள்ளியில் ஜான் மாக்லியும் பிரஸ்பர் எக்கர்ட்டும் முன்வைத்த மின்னணு இயந்திரத்துக்கு 1943இல் ராணுவம் பணம் கொடுத்தது. முடிந்தபோது அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள், 70,000 மின்தடையங்கள், சுமார் 50 லட்சம் பற்றவைப்புகள். எடை 30 டன். அதை ஓட்டினால் பிலடெல்பியா நகரத்தின் விளக்குகள் மங்கின என்பது கட்டுக்கதை.

எக்கர்ட்டுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். பிரிட்டனில் ஃபிளவர்ஸ் என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. கொலோசஸ் ராணுவ ரகசியம். ஆகவே அவர் தன் போக்கில் விடை தேடினார். உற்பத்தியாளர் ஒரு வால்வுக்கு இவ்வளவு சக்தி தாங்கும் என்று சொன்னால், அதில் ஒரு பகுதியை மட்டுமே கொடுப்பது என்று விதி வைத்தார். இழைக்கு 6.3 வோல்ட் என்றிருந்ததைக் குறைத்து ஓட்டினார். வால்வுகள் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் சுற்று சரியாக வேலை செய்யும்படி, 'இருக்கிறது', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளுக்கு இடையே தாராளமான இடைவெளி விட்டு வடிவமைத்தார். ரேடியோவில் வால்வு சற்றுத் தளர்ந்தால் ஒலி கெடும். இங்கே வால்வு செய்ய வேண்டியது மின்னோட்டத்தை விடுவது அல்லது நிறுத்துவது, அவ்வளவுதான். சுற்றுகளைக் கழற்றி மாட்டும் அலகுகளாகச் செய்ததால், பழுதான அலகை உருவிவிட்டு நல்லதைச் செருகலாம். கம்பிகளின் உறையை எலி கடிக்குமா என்று பார்க்க, பல வகைக் கம்பிகளை எலிகளுக்கே போட்டுச் சோதித்தார்கள். இப்படி எதையும் விட்டுவைக்காத மனிதர் அவர்.

இவ்வளவு செய்தும் தொடக்கத்தில் எனியாக் சொல்லிக்கொள்ளும்படி ஓடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தினமும் சில வால்வுகள் போயின. பாதி நேரம் இயந்திரம் படுத்துக்கிடந்தது. போனவற்றில் பெரும்பாலானவை சூடேறும்போதும் ஆறும்போதும் போனவை. கடைசியில் அவர்களும் ஃபிளவர்ஸ் வந்த இடத்துக்கே வந்தார்கள்: அணைக்காதே. கணக்கு எதுவும் இல்லாத நேரத்திலும் எரிய விட்டார்கள். 1948இல் நம்பகமான வால்வு வகைகள் கிடைத்தன. அதன்பின் சுமார் இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற நிலை வந்தது. 18,000 வால்வுகளில் இரண்டு நாளைக்கு ஒன்று என்றால், வால்வு ஒன்றுக்குச் சராசரியாக எட்டு லட்சம் மணி நேரத்துக்கு மேல். நாம் தொடக்கத்தில் போட்ட ஏழு நிமிடக் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். 1954இல் பழுதே இல்லாமல் தொடர்ந்து 116 மணி நேரம் ஓடியது. அதன் வாழ்நாள் சாதனை அது. 1955 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

போன வால்வைத் தேடுவதும் ஒரு கலையாக வளர்ந்தது. இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டாமல் ஒவ்வொரு துடிப்பாக நகர்த்தி, பலகையில் எரியும் சிறு விளக்குகளைப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று நெருங்கிப் போகலாம். விடை தெரிந்த கணக்கை ஓட்டிப் பார்ப்பது வழக்கமானது. எனியாக்குக்கு நிரல் அமைத்த ஆறு பெண்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கையேடு இல்லாமல் வரைபடங்களைப் பார்த்தே இயந்திரத்தைக் கற்றவர்கள் அவர்கள். எந்த வால்வு பழுது என்றுவரை சொல்லத் தெரிந்திருந்தார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சியில் இவர்களுக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை. இதைச் சொல்லாமல் எனியாக்கைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் எனியாக் நின்றுபோனால் அட்டவணை தாமதமாகும், அவ்வளவுதான். நிற்கவே கூடாத இயந்திரம் அடுத்து வந்தது. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. அதன் குண்டுவீச்சு விமானங்கள் வட துருவம் வழியாக அமெரிக்காவுக்கு வந்தால் ரேடார் தகவல்களை உடனுக்குடன் ஒன்றுசேர்த்து, இடைமறிக்கும் விமானங்களுக்கு வழி சொல்ல வேண்டும். அதற்கான ஒரே தகுந்த கணினி அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் பாதி முடிந்த நிலையில் இருந்தது. ஜே ஃபாரஸ்டரும் ராபர்ட் எவரெட்டும் கட்டிய வேர்ல்விண்ட். கடற்படையின் விமானப் பயிற்சிக் கருவிக்காக 1944இல் தொடங்கிய திட்டம் அது. விமானி கைப்பிடியைத் திருப்பியதும் பதில் வர வேண்டும் என்பதால் வேகத்தோடு நம்பகத்தன்மையும் தொடக்கத்திலிருந்தே அவர்களின் குறி.

வால்வுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஃபாரஸ்டர் குழு செய்தது மற்ற எல்லாரையும் விட ஆழமானது. இழை அறுந்து போவதைத் தவிர இன்னொரு மரணமும் வால்வுக்கு இருப்பதைக் கண்டார்கள். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும், இழை சிவந்து எரியும், ஆனால் எலக்ட்ரான் வெளிப்படுவது குறைந்துகொண்டே வரும். அதுவும் மின்னோட்டம் விடாமல் நீண்ட நேரம் நிறுத்தி வைக்கப்பட்ட வால்வுகளில்தான் இது அதிகம். ரேடியோவில் வால்வு எப்போதும் மின்னோட்டத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் யாரும் இதைக் கவனித்ததில்லை. கணினியிலோ ஒரு வால்வு மணிக்கணக்கில் 'இல்லை' என்ற நிலையிலேயே காத்திருக்கலாம். காரணத்தைத் தேடிப் போனபோது, எலக்ட்ரான்களை வெளிவிடும் எதிர்மின்முனையின் நிக்கல் உலோகத்தில் அது மாட்டிக்கொண்டது. தயாரிப்பு எளிதாவதற்காக அதில் கொஞ்சம் சிலிக்கான் சேர்த்திருந்தார்கள். அந்தச் சிலிக்கான் மேற்பூச்சோடு வினைபுரிந்து, நிக்கலுக்கும் பூச்சுக்கும் நடுவே மின்தடை கொண்ட ஒரு படலத்தை உண்டாக்கியது. சிலிக்கான் இல்லாத நிக்கலில் செய்யச் சொன்னதும் ஆயுள் பல மடங்கு நீண்டது. ஆயிரம் வால்வுகளை மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதில் ஒரு வால்வை அறுத்துப் பார்த்துக் காரணம் தேடிய இந்த வேலை எனக்கு எனியாக்கின் 5,000 கூட்டலை விடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அவர்களின் இரண்டாவது உத்தி, வால்வு போவதற்கு முன்பே பிடிப்பது. தினமும் ஒரு சோதனை நிரலை ஓட்டிக்கொண்டே, இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் பார்ப்பார்கள். ஆரோக்கியமான வால்வு தாங்கும். தளர்ந்துகொண்டிருக்கும் வால்வு இந்த நெருக்கடியில் தவறு செய்துவிடும். அதை அப்போதே கழற்றி எறிந்துவிட்டால், நாளைக்கோ அடுத்த வாரமோ வேலையின் நடுவில் போகாது. நினைவகத்தில்தான் அவர்கள் நெடுநாள் அவதிப்பட்டார்கள். தகவலை மின்னூட்டப் புள்ளிகளாக வைத்திருக்கும் சிறப்புக் குழாய்கள் அடிக்கடி கெட்டன. 1953இல் சிறு காந்த வளையங்களால் ஆன நினைவகத்தைப் பொருத்திய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

வேர்ல்விண்டிலிருந்து வளர்ந்த சேஜ் என்ற வான்பாதுகாப்பு அமைப்பின் முதல் மையம் 1958 ஜூலையில் நியூ ஜெர்சியின் மெக்வயர் விமானப்படைத் தளத்தில் பணிக்கு வந்தது. ஐ.பி.எம். கட்டிய அந்தக் கணினி ஒரு மையத்துக்கு சுமார் 250 டன், சுமார் 50,000 வால்வுகள். ஜன்னலே இல்லாத நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடத்தில் ஒரு தளத்தை அடைத்துக்கொண்டது. மின்சாரம் 3 மெகாவாட் வரை. வால்வுகளின் சூட்டை வெளியேற்றவே பெரிய குளிரூட்டும் ஏற்பாடு தேவைப்பட்டது. தொலைபேசிக் கம்பிகள் வழியே ரேடார் தகவல் வந்தது. திரையில் தெரியும் புள்ளியை ஒளித் துப்பாக்கியால் தொட்டு 'இது எந்த விமானம்?' என்று கேட்கலாம்.

இங்கே பழுதுக்கான பதில் முழுமையடைந்தது. ஒவ்வொரு மையத்திலும் கணினிகள் இரண்டு. ஒன்று வேலையில், மற்றது காத்திருப்பில். நிலவரத் தகவலை ஒரு காந்த உருளை மூலம் இரண்டும் பகிர்ந்துகொண்டதால், ஒன்று படுத்தால் மற்றது கையில் எடுத்துக்கொள்ளும். காத்திருக்கும் கணினியும் சும்மா இருப்பதில்லை. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சோதனையை இப்போது நிரலே தானாகச் செய்தது. தளர்ந்த வால்வுகள் மாற்றப்பட்டன. பிறகு பணி மாறிக்கொண்டது. ஒரு மையம் எதிர்பாராமல் முடங்கியது ஆண்டுக்கு ஒரு சில மணி நேரம்தான்.

சோவியத் யூனியனும் பின்தங்கவில்லை. செர்கெய் லெபெடெவின் குழு வடிவமைத்த எம்-40 என்ற வால்வு கணினியின் வழிகாட்டலில் 1961 மார்ச் 4 அன்று, கஜகஸ்தானின் சாரி ஷகான் சோதனைத் தளத்தில் பாய்ந்துவந்த ஏவுகணையின் முனை வானிலேயே அழிக்கப்பட்டது. அங்கே கணினிக்குக் கிடைத்த அவகாசம் சில நிமிடங்கள்கூட இல்லை.

ஃபிளவர்ஸின் கதையையும் முடித்துவிட வேண்டும். போர் முடிந்ததும் கொலோசஸ்களில் இரண்டைத் தவிர மற்றவற்றைப் பிரித்துப் போட்டார்கள். அந்த இரண்டும் 1960 வாக்கில் போயின. வரைபடங்களை எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஃபிளவர்ஸ் தன் கையாலேயே டாலிஸ் ஹில் உலையில் போட்டார். அரசு அவருக்கு 1,000 பவுண்டு கொடுத்தது. பின்னாளில் இப்படியொரு இயந்திரம் கட்ட வங்கியில் கடன் கேட்டபோது, அது வேலை செய்யும் என்று நம்ப முடியாது என்று மறுத்துவிட்டார்கள். பத்து இயந்திரங்கள் ஓடி முடிந்துவிட்டன என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. 1970களில்தான் விஷயம் வெளியே கசியத் தொடங்கியது. எனியாக்தான் முதல் மின்னணுக் கணினி என்று அதுவரை பாடப் புத்தகங்கள் சொன்னதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். டோனி சேல் என்ற பொறியாளர் தொண்ணூறுகளில் தொடங்கி பிளெட்ச்லி பார்க்கில் ஒரு கொலோசஸை மறுபடி கட்டினார். 2007இல் அது முழுமையாக ஓடி, லோரன்ஸ் இயந்திரத்தில் சங்கேதமாக்கி அனுப்பிய செய்தியை உடைத்தது. ஃபிளவர்ஸ் 1998இல் காலமாகியிருந்தார்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகும் சேஜ் ஏன் வால்வுகளோடு 1980களின் தொடக்கம் வரை ஓடியது என்று அடுத்து கேட்கத் தோன்றும். வடிவமைப்பை முடிவு செய்த ஐம்பதுகளின் முற்பகுதியில் டிரான்சிஸ்டர் அந்த அளவுக்கு நம்பகமாகவில்லை. பிறகு டிரான்சிஸ்டரில் ஒரு வாரிசைத் திட்டமிட்டார்கள். ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்ததும் விமானங்களை மட்டும் தேடும் அமைப்புக்கு மேலும் பணம் கொட்ட விருப்பம் குறைந்தது. திட்டம் கைவிடப்பட்டது. கட்டிய ஒரே இயந்திரம் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்குப் போனது. பழைய மையங்களோ தளர்ந்த வால்வுகளை முன்கூட்டியே கழற்றி மாற்றியபடி, தங்கள் முறை வரும்வரை ஓடிக்கொண்டிருந்தன.